கரைவலையை ஆய்வு செய்ய விரும்பும் தங்கைக்கு: பட்டத்தைத் தேடுமுன் கேள்வியைத் தேடுங்கள்

கேள்வி: நான் திருகோணமலை மாவட்டம் நிலாவெளிப் பகுதியைச் சேர்ந்தவள். சமூகவியலில் நான்கு வருடச் சிறப்புப் பட்டம் முடித்தேன். இரண்டாம் வகுப்பு, கீழ்ப் பிரிவு. இப்போது தொண்டு நிறுவனமொன்றில் ஒப்பந்த வேலை. அப்பாவின் பக்கம் கரைவலைக் குடும்பம் (வலையைக் கடலில் வளைத்துக் கரையில் நின்று இழுக்கும் தொழில்). மானிடவியலில் மேற்படிப்புப் படித்து ஆய்வு செய்ய வேண்டும் என்பது என் நீண்ட நாள் ஆசை. ‘திருகோணமலை மாவட்ட மீனவத் தமிழரின் வாழ்வியலும் பண்பாடும்: ஒரு மானிடவியல் ஆய்வு’ என்று முன்மொழிவு எழுதிச் சில விரிவுரையாளர்களுக்கு அனுப்பினேன். ஒருவர் மட்டும் ‘மிகவும் பரந்த தலைப்பு’ என்று ஒரு வரியில் பதில் போட்டார். மானிடவியல் படிக்காத நான் இதில் சேரலாமா? எங்கே சேர்வது? சொந்த ஊரில் ஆய்வு செய்தால் ஏற்றுக்கொள்வார்களா? என் ஆங்கிலமும் சுமார்தான்.

பதில்:

அன்புத் தங்கைக்கு,

உங்களுக்குக் கிடைத்த அந்த ஒரு வரி மிகப் பயனுள்ள பதில். மற்றவர்கள் பேசாமல் இருந்ததற்கும் பெரும்பாலும் அதுவே காரணம். ஆகவே எங்கே சேர்வது என்பதைச் சற்றுத் தள்ளிவைத்து, முன்மொழிவிலிருந்து தொடங்குவோம். கேள்வி சரியாக அமைந்துவிட்டால் எந்தப் பட்டம், யார் மேற்பார்வையாளர், எத்தனை மாதம், எவ்வளவு செலவு என்பதெல்லாம் அதிலிருந்தே தெளியும். பலர் இதைத் தலைகீழாகச் செய்து, பதிவுக் கட்டணமும் கட்டிவிட்டுத் தலைப்புத் தேடி ஒரு வருடத்தை இழக்கிறார்கள்.

திருகோணமலை மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள். புல்மோட்டையிலிருந்து வெருகல் வரை கரை. கொட்பேயில் பலநாள் படகுகள், கிண்ணியாப் பக்கம் களப்பு மீன்பிடி, உங்கள் பக்கத்தில் கரைவலை. இவை மூன்றும் மூன்று வேறு தொழில்கள். முதலும் கடனும் வேறு, வீட்டில் பெண்களின் வேலையும் வேறு. இத்தனையையும் ‘வாழ்வியல்’ என்ற ஒரு சொல்லுக்குள் அடைத்தால் பிறப்புச் சடங்கு, திருமணம், உணவு, நம்பிக்கை, தொழில் என்று அதிகாரம் அதிகாரமாகப் பட்டியல்தான் வரும். அந்த வகை ஆய்வேடுகள் நம் பல்கலைக்கழக நூலகங்களில் நிறைய உண்டு. எந்த ஊரின் பெயரைப் போட்டாலும் பொருந்துகிற மாதிரி அவை இருக்கும். ‘மீனவத் தமிழர்’ என்ற எல்லையும் உங்கள் கரைக்குப் பொருந்தாது. இறக்கக்கண்டியிலோ குச்சவெளியிலோ முஸ்லிம் தொழிலாளரையும், பருவத்துக்கு நீர்கொழும்பு, சிலாபம் பக்கமிருந்து வந்து வாடி (கரையோரக் குடில்) போடும் சிங்கள மீனவரையும் விட்டுவிட்டு அந்தக் கடற்கரையை விளங்கிக்கொள்ள முடியாது.

கேள்வியைச் சோதிக்க ஒரு வழி உண்டு: அதன் விடை கண்முன்னே நடப்பதைக் கரையில் நின்று பார்க்க முடியுமா? ‘பண்பாடு என்ன?’ என்பதை யாரும் பார்க்க முடியாது. வலை இழுத்தவருக்குப் பங்கு கொடுக்கும்போது யார் முன்னே நிற்கிறார், யாருக்குக் குறைகிறது, யார் வாயைத் திறக்காமல் போகிறார் என்பதைப் பார்க்கலாம். உங்கள் கரைவலைப் பின்னணியிலிருந்தே ஒரு கேள்வியை எடுக்கலாம்: பருவம் தொடங்குமுன் சம்மாட்டி (வலையின் சொந்தக்காரர்) தொழிலாளிக்குக் கொடுக்கும் முற்பணம், பருவத்தில் பிரிக்கும் பங்கு, இருவருக்கும் இடையிலுள்ள உறவுமுறை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று எப்படித் தாங்குகின்றன? உழவு இயந்திரத்தில் வின்ச் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் பொறி) பூட்டி இழுக்கத் தொடங்கிய கரையில் இந்த மூன்றில் எது முதலில் அறுந்தது? வின்ச் சட்டச் சிக்கலும் கரையில் சண்டையும் உண்டாக்கிய விடயம் என்பதால், அது ஆட்களின் கைவேலையை என்ன செய்தது என்ற கேள்விக்குப் புறத்தாரும் விடை தேடுவார்கள். இரண்டு பாடுகள் (வலை வளைக்கும் கரைப்பகுதிகள்) போதும்: ஒன்று கையால் இழுப்பது, மற்றது வின்ச் வந்தது. உங்கள் ஆய்வுக்களம் அவ்வளவுதான்.

இன்னொரு திசையும் நிலாவெளிக்கு உண்டு. ஹோட்டல்கள் எழும்பிய கரையில் வலை வளைக்கும் பாடுகளுக்கு என்ன ஆனது, கடலுக்குப் போகும் பாதை யாருடையது என்பது அது. ஆனால் அதில் காணி உறுதி, வழக்கு, அரச கோவைகள் என்று வேலை கச்சேரிப் பக்கம் இழுக்கும். முதல் ஆய்வுக்கு முதற்கேள்வியையே நான் பரிந்துரைப்பேன்.

முன்மொழிவில் முந்தைய ஆய்வுகளைக் கட்டாயம் கேட்பார்கள். கிழக்குக் கரை பற்றி மானிடவியலாளர்கள் நூர் யல்மன், டெனிஸ் மெக்கில்வ்ரே ஆகியோர் எழுதியவற்றை வாசியுங்கள். மெக்கில்வ்ரேயின் களம் அக்கரைப்பற்று. அங்கே கண்ட தாய்வழிக் குடி முறையும் பெண்ணுக்கு வீடு கொடுக்கும் வழக்கமும் நிலாவெளியிலும் அப்படியே இருக்கும் என்று எழுதிவிடாதீர்கள். உங்கள் ஊரில் இருக்கிறதா, எந்த அளவில், யாரிடம் என்பது நீங்கள் கண்டுபிடித்து எழுத வேண்டியது. மட்டக்களப்புத் தெற்கைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்குத் திருகோணமலைக் கரையைப் பற்றி எழுதப்படவில்லை. அந்த இடைவெளியை இரண்டு வரியில் காட்டினால் உங்கள் ஆய்வின் தேவை விளங்கிவிடும். மேற்குக் கரை மீனவர் கிழக்குக்கு இடம்பெயர்வது பற்றியும் ஆய்வுகள் உண்டு. ஆய்வுக் கட்டுரைகளைத் திரட்டி வைத்திருக்கும் ஜேஸ்டோர் தளத்தில் இலவசக் கணக்குத் திறந்தால் மாதம் 100 கட்டுரைகள் வரை இணையத்திலேயே வாசிக்கலாம். கோயில் மலர்கள், ஊர் வரலாறுகள், பழைய சஞ்சிகைகளுக்கு நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகம் இருக்கிறது.

அடுத்தது காலம். கிழக்கில் கரைவலைப் பருவம் ஏறக்குறைய மார்ச்சில் தொடங்கி ஒக்டோபர் வரை. வடகீழ்ப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும் நவம்பர் முதல் பெப்ரவரி வரை வலை ஏறாது. பலர் பருவத்தில் மட்டும் போய் வந்து ஆய்வை முடித்துவிடுகிறார்கள். ஆனால் முற்பணம் வாங்குவதும், நகை அடகுக்குப் போவதும், அடுத்த பருவத்துக்கு எந்தச் சம்மாட்டியிடம் போவது என்று முடிவெடுப்பதும் வலை ஏறாத அந்த மாதங்களில்தான். உங்கள் கேள்விக்கு விடையில் பாதி அங்கே இருக்கிறது. எனவே களப்பணி பன்னிரண்டு மாதம், மாரியும் கோடையும் சேர்த்து. 24 மாதத் திட்டமென்றால் முதல் ஐந்து மாதம் வாசிப்பு, முன்மொழிவு, நெறிமுறை அனுமதி. அடுத்த பன்னிரண்டு களம். மிச்சம் ஏழும் எழுத்து. அந்த ஏழு மாதத்தை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

இனி உங்கள் கேள்விகள். முதற்பட்டம் மானிடவியலில் இல்லை என்பது தடையே இல்லை. இலங்கையில் மானிடவியல் பெரும்பாலும் சமூகவியல் துறைகளுக்குள்ளேயே கற்பிக்கப்படுகிறது. புகழ்பெற்ற மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகரவின் முதற்பட்டம் ஆங்கில இலக்கியம். அநுராதபுரப் பக்கத்துக் குளக்கிராமமொன்றை ஆராய்ந்த எட்மண்ட் லீச் முதலில் படித்தது பொறியியல். உங்களிடம் கேட்கப்படுவது, சமூகவியலில் பழகிய வினாக்கொத்தை வைத்துவிட்டு நீண்ட நாள் ஒரே இடத்தில் இருந்து பார்க்கத் தயாரா என்பதுதான்.

எந்தப் பட்டம் என்பதில் கவனம் வேண்டும். எஸ்.எல்.கியூ.எஃப் என்கிற இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் 9ஆம் நிலை முதுமாணி 30 கிரெடிட், பெரும்பாலும் பாடநெறி. 10ஆம் நிலை 60 கிரெடிட், அதில் ஆய்வுக்கூறு உண்டு. 11ஆம் நிலை முதுதத்துவமாணி (எம்.பில்), குறைந்தது இரண்டு வருட ஆய்வு. 12 கலாநிதி. வார இறுதி வகுப்போடு ஒரு வருடத்தில் முடியும் 9ஆம் நிலையை வேலைக்குப் போகிறவர்கள் விரும்புவார்கள். உங்களுக்கு அது உதவாது. இரண்டாம் வகுப்புக் கீழ்ப் பிரிவு உள்ளவர் பின்னால் விரிவுரையாளர் பதவிக்கு விண்ணப்பிக்கும்போது, ஆய்வேட்டோடு கூடிய இரண்டு வருட மேற்பட்டம் இருக்கிறதா என்பதுதான் கணக்கில் வரும். எனவே 10 அல்லது 11. மானிடவியல் பாடங்களை முறையாகப் படிக்காததால் பாடநெறியும் ஆய்வும் சேர்ந்த 10ஆம் நிலை உங்களுக்கு நல்ல வழி. பேராதனையில் மனிதப்பண்பியல், சமூக விஞ்ஞான பட்டப்பின் படிப்பு நிறுவனம், கொழும்பு, யாழ்ப்பாணம் ஆகியவற்றின் அறிவித்தல்களைப் பாருங்கள். ஆய்வேட்டைத் தமிழில் சமர்ப்பிக்கலாமா என்பதை அந்தந்தப் பாடநெறியின் ஒழுங்குவிதிகளில் வாசித்து, அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையை நம்பிப் பதிய வேண்டாம்.

தமிழ்ச் சூழலில் மானிடவியலைத் தனித்துறையாகவே படிக்க விரும்பினால் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் அதற்குத் துறைகள் இருக்கின்றன. இந்திய அரசின் ஐ.சி.சி.ஆர் புலமைப்பரிசிலுக்கு அவர்களுடைய ஏ2ஏ இணையத்தளம் வழியாக விண்ணப்பிக்கலாம். பிரித்தானியாவுக்குச் செவ்னிங், பொதுநலவாயப் புலமைப்பரிசில்கள். செவ்னிங்குக்கு இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும். உங்கள் ஒப்பந்த வேலை அதற்குக் கணக்கில் வரும், ஆகவே சேவைக் கடிதங்களை இப்போதே வாங்கி வையுங்கள். அமெரிக்காவில் முதுமாணி இல்லாமலே கலாநிதிப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். தெரிவானால் கட்டண விலக்கும் மாதப் படியும் கிடைப்பது வழக்கம். விண்ணப்பிக்கக் கடைசித் திகதி பெரும்பாலும் டிசம்பரில். ஒரு வருட வெளிநாட்டு முதுமாணியில் நீண்ட களப்பணிக்கு இடமிருக்காது என்பதையும் மனதில் வையுங்கள்.

சொந்த ஊர் பற்றி. ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் அதன் இடர்களை நீங்களே முன்மொழிவில் எழுத வேண்டும். நீங்கள் இன்னாரின் மகள். உங்கள் குடும்பத்தோடு பாடுத் தகராறு உள்ளவர் உங்களிடம் வாய் திறக்கமாட்டார். திறந்தாலும், அப்பாவிடம் போய்ச் சேர வேண்டிய செய்தியைத்தான் சொல்வார். ஒரு சம்மாட்டியின் வாடியில் முதல் மாதம் முழுக்க இருந்துவிட்டால் மற்ற வாடிகளுக்கு நீங்கள் அவருடைய ஆள். அதனால் கையால் இழுக்கும் பாடு உங்கள் ஊருக்கு வெளியே, உறவு குறைந்த இடத்தில் இருக்கட்டும். வின்ச் உள்ளது பக்கத்துக் கரையாக இருக்கலாம். தெரிந்ததையே கேட்க வேண்டியிருக்கும் கூச்சமும் வரும். ‘உனக்குத் தெரியாததா பிள்ளை’ என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அப்போது பொதுவாகக் கேட்காமல் நேற்றைய வலையைப் பற்றிக் கேளுங்கள்: நேற்று மடி (மீன் சேரும் வலைப்பை) எத்தனை மணிக்கு ஏறியது, கறிக்கு மீன் யார் எடுத்தது, ஏன் அந்தப் பொடியனுக்கு அரைப் பங்கு? நடந்த ஒன்றைக் கேட்டால் ஆட்கள் கதைப்பார்கள்.

இந்த மாவட்டத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. 2004 சுனாமி, 2006 இடப்பெயர்வு, பிறகு மீள்குடியேற்றம் என்று வருடக்கணக்காக எத்தனையோ பேர் படிவத்தோடு வீட்டுக்கு வந்து பெயர் எழுதிப் போயிருக்கிறார்கள். கொப்பியைத் திறந்தால் வீடு வரும், வள்ளம் வரும் என்ற எதிர்பார்ப்பு இயல்பு. நீங்கள் தொண்டு நிறுவனத்தில் வேலை செய்வதால் இரட்டிப்பாக வரும். களத்துக்குப் போகுமுன் அந்த வேலையை விட்டுவிடுங்கள் அல்லது அந்த நிறுவனம் வேலை செய்யாத ஊரைத் தெரிவு செய்யுங்கள். நிறுவனத்தின் தொப்பி, பை, வாகனம் எதுவும் வேண்டாம். முதல் இரண்டு வாரம் படிவமே எடுக்காதீர்கள். உதவி எதுவும் வராது என்பதை முதல் நாளே, திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். அந்த எதிர்பார்ப்பை வைத்துத் தகவல் வாங்குவது அந்த மக்களுக்குச் செய்யும் அநியாயம்.

அனுமதிகள்: பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி கையில் வருமுன் ஒரு நேர்காணலும் எடுக்கக்கூடாது. எடுத்த பிறகு பின்தேதியிட்டு அனுமதி தரமாட்டார்கள், அந்தத் தரவு வீணாகும். பிறகு பல்கலைக்கழகக் கடிதத்தோடு பிரதேச செயலாளர், கிராம உத்தியோகத்தர், மீனவர் சங்கத் தலைவர் என்ற ஒழுங்கில் போங்கள். நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவு 2003 முதல் தேசிய பூங்கா. அங்கே ஏதும் செய்வதானால் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி தனியே வேண்டும். கடற்படை முகாம் அருகே படம் எடுக்க வேண்டாம். சம்மதப் படிவம் தமிழில், வந்துபோகும் மீனவருக்குச் சிங்களத்தில். கையெழுத்து என்றாலே பயப்படும் ஊர்களில் வாய்மொழிச் சம்மதத்துக்கு நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே காரணம் சொல்லி அனுமதி கேட்கலாம். தடைசெய்யப்பட்ட வலை, டைனமைட் பற்றி யாராவது சொன்னால் பெயரையும் இடத்தையும் குறிப்பில்கூட எழுதாதீர்கள். பெயரை மாற்றிவிட்டால் ஆள் மறைந்துவிடுவார் என்றும் எண்ண வேண்டாம். ‘அந்தக் கரையின் ஒரே பெண் சம்மாட்டி’ என்று எழுதினால் ஊரே அடையாளம் கண்டுவிடும். அத்தகைய விவரத்தை மாற்றவோ விடவோ வேண்டும்.

களக்குறிப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆய்வேடு தோற்பது பெரும்பாலும் இங்கேதான். புதிதாகப் போகிறவர்களின் குறிப்பு இப்படி இருக்கும்: ‘இன்று மீன்பாடு குறைவு. பங்கு பிரித்தார்கள். பெண்கள் மீன் வாங்க வந்தனர்.’ ஆறு மாதம் கழித்து இதை வைத்து ஒரு பந்திகூட எழுத முடியாது. அதே காலையை இப்படி எழுதுங்கள்: ‘6.10க்கு வலை வைத்தார்கள். 8.40க்கு மடி கரை ஏறியது. வடக்குக் கயிற்றில் பதினொரு பேர், தெற்கில் ஒன்பது. மடியை அவிழ்க்குமுன் மண்டாடி (வலைக்குழுவின் தலைவர்) இரண்டு கை மீனைப் பெட்டிக்குள் தனியே போட்டார், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சம்மாட்டியின் மருமகன் சீ.ஆர் கொப்பியில் பெட்டிக் கணக்கு எழுதினார். தெற்குக் கயிற்றில் நின்ற இளைஞர் ஒருவர் “அது எத்தனையாவது பெட்டி?” என்று கேட்டார். பதில் இல்லை. அவர் பங்கை வாங்காமல் வாடிப் பக்கம் போனார்.’ இதில் ஒரு விளக்கமும் இல்லை, பார்த்ததும் கேட்டதும் மட்டும். உங்கள் எண்ணத்தை வேறு நிற மையில், பக்கத்து ஓரத்தில் எழுதுங்கள். இரண்டும் கலந்துவிட்டால் பின்னர் எது நடந்தது, எது உங்கள் ஊகம் என்று பிரிக்க முடியாது. கரையில் சிறு கொப்பியில் சொற்களாகக் குறித்து, அன்றிரவே முழுதாக எழுதிவிட வேண்டும். ஒரு மணி நேரம் பார்த்ததை எழுத இரண்டு மணி நேரமாவது பிடிக்கும். ஒரு நாள் தள்ளினால் ஒழுங்கு மறந்துபோகும், இரண்டு நாள் தள்ளினால் பேச்சு மறந்துபோகும்.

உறவு வரைபடம் உங்கள் கேள்விக்கு முதுகெலும்பு. 1898இல் ஆஸ்திரேலியாவுக்கு வடக்கேயுள்ள டொரஸ் நீரிணைக்குப் போன ஆய்வுப் பயணத்தின்போது டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் வகுத்த வம்சாவளி முறைதான் இன்றும் அடிப்படை. இப்போது வழங்கும் குறிகள்: ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், திருமணத்துக்கு இரட்டைக் கோடு. நம்மிடம் தவறு வருமிடம் ஒன்று. ‘இவர் என் அண்ணன்’ என்பவர் பெரியப்பாவின் மகனாகவோ பெரியம்மாவின் மகனாகவோ இருக்கலாம். வலையில் ‘மச்சான்’ என்று கூப்பிடப்படுபவர் உறவே இல்லாதவராகவும் இருக்கலாம். எனவே ஒவ்வொருவருக்கும் பெற்ற தாய், பெற்ற தகப்பன், தாய் பிறந்த வீடு ஆகியவற்றைத் தனித்தனியே கேளுங்கள். கூப்பிடும் முறையை இன்னொரு நிரலில் எழுதுங்கள். யார் யாரை எப்போது மச்சான் என்கிறார் என்பதே உங்கள் முற்பணக் கேள்விக்கு ஒரு விடையாகலாம்.

ஒலிப்பதிவைக் கட்டுப்படுத்துங்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஐந்து முதல் எட்டு மணி நேரம் பிடிக்கும். நாற்பது நேர்காணல் என்றால் இரண்டு மாத முழுநேர வேலை. இருபது நல்ல பதிவு போதும். கடற்காற்று மைக்கில் மோதினால் எதுவும் கேட்காது, ஆகவே வாடிக்குள்ளோ வீட்டிலோ பதியுங்கள், போனை விமானப் பயன்முறையில் வையுங்கள். வேவ் கோப்பாக ஒற்றைத் தடத்தில் பதிந்தால் மணிக்குச் சுமார் 320 எம்பி வரும். எழுத்தாக்கத்தை யூனிகோடில் மட்டுமே தட்டச்சுங்கள். யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடித்தால் பகுப்பாய்வு மென்பொருளுக்கு அது தமிழாகவே தெரியாது, ஒரு சொல்லைக்கூடத் தேட முடியாது.

பிரதிகளை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். 1970இல் ஸ்டான்ஃபோர்டில் இந்திய மானிடவியலாளர் எம்.என். சீனிவாஸ் இருந்த ஆய்வு மையத்துக்குத் தீ வைக்கப்பட்டபோது, மைசூர்ப் பகுதிக் கிராமமொன்றைப் பற்றி அவர் 18 வருடமாக ஒழுங்குபடுத்திய குறிப்புகளின் மூன்று பிரதிகளும் ஒரே அறையில் இருந்தன. அந்தக் கிராமத்தைப் பற்றிய நூலை அவர் பெரும்பாலும் நினைவிலிருந்தே எழுத வேண்டியதாயிற்று. உங்கள் கொப்பியின் பக்கங்களை வாரம் ஒருமுறை படமெடுத்து, கடவுச்சொல் போட்ட இணையச் சேமிப்பில் ஒன்று, வேறு வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று என்று வையுங்கள். உண்மைப் பெயரும் மாற்றுப் பெயரும் உள்ள பட்டியல் இவற்றோடு சேரக்கூடாது.

ஆங்கிலம் பேச வராதது ஆய்வுக்குத் தடையல்ல. வாசிக்க வராவிட்டால்தான் தடை. வாரம் ஒரு கட்டுரையை எடுத்து, ஆசிரியரின் கேள்வி, களம், ஆதாரம், முடிவு ஆகியவற்றைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதிப் பழகுங்கள். ஆறு மாதத்தில் இருபத்தைந்து கட்டுரை ஆகும், உங்கள் இலக்கிய மீளாய்வும் பாதி முடிந்திருக்கும். வெளிநாட்டுக்கு என்றால் ஐ.ஈ.எல்.ரி.எஸ் ஆங்கிலத் தேர்வில் 6.5 அல்லது 7 கேட்பார்கள். எழுத்துப் பகுதியில்தான் நம் மாணவர்களுக்குப் புள்ளி குறைகிறது.

மேற்பார்வையாளருக்கு மீண்டும் எழுதும்போது முழு முன்மொழிவை அனுப்பாதீர்கள். மடல் இருநூறு சொல்லுக்குள்: உங்கள் கேள்வி இரண்டு வரியில், எந்தக் கரை, எத்தனை மாதம், அவருடைய எந்தக் கட்டுரையை வாசித்து எதற்காக அவரைத் தேர்ந்தீர்கள், என்ன கேட்கிறீர்கள். இணைப்பாக இரண்டு பக்கக் கருத்துச் சுருக்கம், பெறுபேற்றுப் பத்திரம். ஒரே மடலை எல்லோருக்கும் ஒன்றாக அனுப்புவது உடனே தெரிந்துவிடும். மூன்று வாரம் பார்த்து ஒருமுறை நினைவூட்டுங்கள். ‘பரந்த தலைப்பு’ என்று சொன்ன விரிவுரையாளருக்குத்தான் முதலில் எழுத வேண்டும். அவர் உங்கள் முன்மொழிவை வாசித்திருக்கிறார். புதிய கேள்வியோடு, இரண்டு பாடுகளின் பெயரையும் போட்டு அனுப்புங்கள்.